கீழே ஒரு முழம்

சீப்பைத் தண்ணீரில் நனைத்து மீசையை இரண்டு பக்கமும் வாரிவிட்டு, சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் நேராக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை பார்த்த பிறகுதான் அவர் பிரஷ்ஷைத் தொடுவார். போட்டோ பிடிக்கப் போகிறவர் மாதிரி இருக்கும்.

"ஊர்ல பெயிண்டு அடிக்கிறவங்க எல்லாம் இருக்கிறதுலயே கிழிஞ்ச சட்டையா பாத்துப் போட்டுக்குவாங்க தங்கச்சி. இந்த மனுஷனுக்கு மட்டும் சலவைச் சட்டை வேணும். துவைக்கிறவ நான்ல?" என்று அவர் மனைவி என்னிடம் சொல்வார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"நான் மட்டுமா படத்தைப் பாக்கறேன்? படமும் என்னைப் பாக்குது" என்பார் இவர்.

"பாத்துட்டு என்ன சொல்லுச்சாம்?"

"உன்னை மாதிரி வாயாடலை."

எங்கள் தெருவில் அவருக்கு முகத்துக்காரர் என்று பேர். ஆரம்பத்தில் கடைகளுக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்தார். முடிவெட்டும் கடைப் பலகையில் நாற்காலியில் சாய்ந்திருப்பவர் அவர். செருப்புக் கடைப் பலகையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சிரிப்பவர் அவர். பல் டாக்டர் பலகையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறவரும் அவரேதான். "அடுத்தவன் மூஞ்சியை வரைஞ்சா மூக்கு சரியில்லம்பான், காது சரியில்லம்பான். என் மூஞ்சி கோணலா இருந்தா யாரு வந்து சண்டை போடப் போறா?" அப்போதெல்லாம் கையெழுத்துக்கூடப் போடமாட்டார். கேட்டால், "கொத்தனாரு செங்கல்ல பேரு எழுதறாரா?" என்பார். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

அவர் வீட்டுக்கு எதிர் அறையில் தையல் மிஷின் போட்டிருப்பவள் நான். படம் வரைகிற கித்தான் துணிக்கு அகலம் போதாவிட்டால் இரண்டு துணியைச் சேர்த்துத் தைத்துக் கொடுப்பேன். தையல் அமுங்கி இருக்க வேண்டும், பெயிண்டுக்கு மேலே தெரியக்கூடாது. பலகை எழுதுவதை அவர் எப்போது விட்டார், ஏன் விட்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு நாள் கதவளவு கித்தான் தைத்து வாங்கிக்கொண்டு போனார். சில வாரம் கழித்துப் பார்க்கக் கூப்பிட்டார். போனவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிங்காசனம் மாதிரி ஒரு நாற்காலி, அதில் அவர், அவர் தலைக்குப் பின்னால் வட்டமாக வெளிச்சம். கீழே கையெழுத்து மட்டும் என் உள்ளங்கை அகலம். அந்த வெளிச்சத்தை யாருக்குப் போடுவார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"சார், இது தப்பில்லையா?"

"எதும்மா தப்பு? இல்லாத ஒண்ணை இருக்க வைக்கிறவன் நான். அந்த வேலையை வேற யாரு செய்யறா, சொல்லுங்க பாப்போம்."

அக்கா மட்டும் அசரவில்லை. "தலைக்குப் பின்னால பல்பு போட்டாச்சு. கரண்டு போனா என்ன செய்வாராம்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அன்றைக்குப் படுக்கும்முன் நான் அவருக்காகவும் சேர்த்துக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

துணி அளந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருப்பார். "அந்தக் காலத்துல வரையறவனுக்குப் பேரே கிடையாதும்மா. சுவத்தை வரைஞ்சு முடிச்சிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவான். அப்புறம் ஒருத்தன், கூட்டத்தோட கூட்டமா ஒரு மூலையில தன் மூஞ்சியை மொச்சக்கொட்டை அளவுக்குப் போட்டான். யாரும் திட்டலை. அடுத்தவன் கொஞ்சம் நடுவுல வந்தான். அதுக்கு அடுத்தவன் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு அவன் மட்டும் நின்னான். அதுவும் அலுத்துப்போச்சு. மலை முன்னால போயி, நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னான்."

"அடுத்து?" என்றார் அக்கா, உள்ளே இருந்து.

"அடுத்து நான்தான்."

பிறகு ஒரு மழைக்காலத்தில், கடற்கரைப் பக்கம் யாரும் போகாதீர்கள் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, புயலைப் பார்க்கிறேன் என்று போனார். அக்கா வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். திரும்பி வந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. மீசை நனைந்து வாய்க்குள் தொங்கியது. வாசலிலேயே நின்றார். அக்கா தலையைத் துவட்டிவிடத் துவட்டிவிட, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கிட்டே போய்க் காதைக் கொடுத்தேன்.

"நான் ஒண்ணுமே இல்லம்மா. அது முன்னால நான் ஒண்ணுமே இல்ல."

கடவுள் தொட்டுவிட்டார் என்று நினைத்தேன். உண்மையிலேயே அதன்பிறகு படங்களில் அவர் சின்னவர் ஆனார். ஆளுயரத்திலிருந்து ஒரு சாண் ஆனார். சாணிலிருந்து கட்டைவிரல் ஆனார். படம் பெரிதாகப் பெரிதாக அவர் சிறுத்துக்கொண்டே போனார். மலை, கடல், இடி, ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள். ஆனால் மனிதர் அடங்கினார் என்றா நினைக்கிறீர்கள்? "இத்தனூண்டு ஆகறதுக்கு எவனுக்கும்மா தைரியம் இருக்கு? எங்கிட்ட இருக்கு" என்பார். "அந்த ஆளு பாக்கறதுக்காகத்தான் அந்தப் புயலே அடிக்குது. அவன் வீட்டுக்குக் கிளம்பிட்டா அது நின்னுடும்."

"அப்ப அந்த ஆளைக் கொஞ்சம் கூப்பிடுங்க. துணி காயணும்" என்றார் அக்கா.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். அளவு நாடாவை அவர் தொடமாட்டார். எல்லாமே அவர் உடம்புதான். சுவரோடு ஒட்டி நிற்பார், கையை விரிப்பார், முழத்தைப் போடுவார், "அவ்வளவுதான், தைச்சிடுங்க" என்பார். கடைசியாக ஆரம்பித்த பெரிய படத்துக்கும் அப்படித்தான். அறைக் கதவில் போய் நின்றார். அவர் உயரத்துக்கு மேல் ஒரு சாண் இருந்தது. படத்தின் உயரம் அதற்கு ஒரு விரல்கடை குறைவு என்றார். நீளம் அந்தப் பக்கச் சுவர் முழுவதும். பெயிண்டில் மணலைக் கலந்து அப்புகிறவர் ஆதலால் சுருட்டவும் முடியாது, சுருட்டினால் ஓடு ஓடாக உதிரும். படம் பாதி வளர்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஆளுக்குக் கால் வைக்க இடமில்லம்மா. தண்ணியில நிக்கிற மாதிரி இருக்கு. கீழ ஒரு முழம் சேருங்க." அவர் முழம் கொஞ்சம் நீளம். நான் துண்டு சேர்த்துத் தைத்தேன். தச்சு மேஸ்திரி சட்டத்துக்குக் கீழே ஒரு பலகையைக் கொடுத்து முடுக்கினார். கட்டைவிரல் ஆள் அந்தத் துண்டில் இறங்கிக் கெட்டியான தரையில் நின்றார். மூன்று பேரும் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, ஒருவரும் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிய கண்காட்சிக் கூடம் ஒன்றில் அந்தப் படத்துக்கு ஒரு சுவரையே ஒதுக்கிக் கொடுத்தார்கள். இத்தனை வருஷத்தில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. போன வாரம் லாரி வந்தது. மேஸ்திரி படத்தை நிமிர்த்திக் கதவுக்குக் கொண்டுவந்தார். இடித்தது. சாய்த்தார், இடித்தது. ஜன்னல்களுக்குக் கம்பி. வாடகை வீடு, மேலே குடியிருக்கும் வீட்டுக்காரரிடம் அக்கா ஓடிப்போய், கதவு நிலையைப் பெயர்க்கலாமா என்று கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கி வந்தார். "செங்கல்லைத் தொட்டா வீட்டைக் காலி பண்ணச் சொல்றாரு." வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏழெட்டு ஓவியர்களின் படங்களை ஏற்றப் போக வேண்டுமாம். இந்தப் படம் சீக்கிரம் ஏறாவிட்டால் விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்களாம்.

"ஐயா, ஒரு முழம் குறைஞ்சா போயிடும்" என்றார் மேஸ்திரி. "கீழ எடுத்தா தையலைப் பிரிச்சாப் போதும், பலகையையும் கழட்டிடலாம். மேல எடுத்தா துணியை வெட்டணும், சட்டத்தையும் அறுக்கணும். எதுன்னு சொல்லுங்க, ரம்பம் கையிலதான் இருக்கு."

"மேல" என்றார்.

இந்தப் படத்தில் மேலேதான் வெளிச்சம் இருந்தது. கறுத்துத் திரண்ட மேகம் ஓரிடத்தில் கிழிந்து, உள்ளேயிருந்து ஒன்று எட்டிப் பார்க்கிற மாதிரி. அதை முதன்முதலில் பார்த்தபோது என் இரண்டு கையும் தானாகச் சேர்ந்துகொண்டன. வாய்க்கு வந்த ஒரே சொல் கடவுளே என்பதுதான். அதை ரம்பத்துக்குக் கொடுப்பதா?

"சார், வெளிச்சம் போயிடுமே!"

"மேகம் இன்னும் நிறைய இருக்கும்மா. நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"நீங்க இல்லாட்டி என்ன, படம் அழுவுமா?" என்றார் அக்கா. வழக்கமான கேலிக் குரல் இல்லை அது.

"நான் இல்லாத படத்தை இதுவரைக்கும் ஒண்ணு காட்டு. பல் டாக்டர் போர்டுலகூட நான் இருக்கேன். நான் இல்லாட்டி அது வெறும் மழைடீ. மழையைப் பாக்கறதுக்கு எவன் கூடத்துக்கு வருவான்?"

முகத்துக்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, வெட்டவேண்டிய கோட்டைத் தானே போடுகிறேன் என்று ஏணியில் ஏறினார். ரொம்பக் கிட்டத்தில், மூக்கு படுகிற தூரத்தில், அந்த மேகக் கிழிசலுக்கு எதிரே அவர் முகம். முழங்கையை வைத்து ஒரு முழம் அளந்தார். கோடு போடவில்லை. மணலும் பெயிண்டும் மேடாக இருந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு கழுத்தை வளைத்துக் கீழே பார்த்தார். இடது மூலையைப் பார்த்தார், வலது மூலையைப் பார்த்தார்.

"நான் எங்கடீ?"

"அங்கதான், கீழ. பாறை பக்கத்துல."

"எந்தப் பாறை?"

"நீங்க போட்ட பாறைதானே, எங்கிட்ட கேட்டா?" என்று அக்கா போய் விரலை வைத்துக் காட்டினார். அவர் ஏணியிலிருந்து எவ்வளவோ குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. புயலிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த முகமும் இது இல்லை. அன்றைக்குப் பயம் இருந்தது. இது வீட்டுக்குள் திருட்டுப் போனதைப் பார்த்தவன் முகம்.

"தெரியலையே" என்றார். "இங்க இருந்து நான் தெரியவே இல்லையே."

லாரிக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். இவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். பென்சில் காதிலேயே இருந்தது.

"கீழ பிரிச்சிடுங்கம்மா."

அக்காவைப் பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். இவ்வளவு நேரம் கீழே எடுங்கள் என்று ஜாடையாகச் சொன்னவரே அவர்தான்.

"நிஜமாத்தான் சொல்றீங்களா சார்?"

"லாரி நிக்குதும்மா."

படத்தைப் படுக்கவைத்தோம். கடவுளை நினைத்துக்கொண்டு பிளேடை எடுத்தேன். நான் போட்ட தையல் என்றாலும் பெயிண்டு இறுகிக் கல்லாகியிருந்தது. ஒவ்வொரு இழையும் பல் பிடுங்குகிற மாதிரி வந்தது. மணல் பொலபொலவென்று மடியில் கொட்டியது. அந்தக் கட்டைவிரல் ஆளின் தலைக்கு மேலே வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டு பிரித்தேன். முதுகில் ஒரு கீறல்கூட விழவில்லை. மேஸ்திரி பலகையைக் கழற்றினார், மிச்சத் துணியை இழுத்துச் சட்டத்தில் ஆணி அடித்தார். துண்டு தனியாக என் கைக்கு வந்தது. கொஞ்சம் தரை, ஒரு பாறை, முதுகைக் காட்டி நிற்கும் அவர். எதிரே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"சார், இதைக் கழட்டின பலகை மேலேயே மடக்காம வச்சுப் பத்திரமா கட்டிடறேன். கூடத்துக்குப் போனதும் அங்கேயே சேத்துத் தைச்சிடலாம். நானே வரேன்."

அவர் நிமிர்த்திய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புயல் இருந்தது. கடல் இருந்தது. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

மேஸ்திரி படத்தைக் கதவுக்கு நகர்த்தினார். மேலே விரல்கடை இடைவெளி, போய்விடும். ஆனால் சட்டத்தின் கீழ்மூலை கல்தரையில் உராய்ந்து கிறீச்சென்றது. "இழுத்தா ஓரம் பேந்துடும். அடியில குடுக்க ஒரு சாக்கு கீக்கு இருந்தா குடுங்கம்மா" என்றார். அக்கா சாக்கு எடுக்க உள்ளே ஓடினார்.

அப்போது என் கையிலிருந்த துண்டை அவர் வாங்கினார். பத்திரமாக வைக்கத்தான் வாங்குகிறார் என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார். மணல் பெயிண்டு மொறுமொறுவென்று நொறுங்குகிற சத்தம் கேட்டது.

"ஐயோ சார்!" என்று கத்திவிட்டேன். அக்கா சாக்கும் கையுமாக வாசற்படியில் நின்றுவிட்டார்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தடிமன் போதுமா என்று மடிப்பை உள்ளங்கையால் ஒருதரம் அமுக்கிப் பார்த்தார். மேஸ்திரி சட்டத்தைக் கொஞ்சம் தூக்க, அதன் மூலைக்கு அடியில் அதைச் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியைக் காலால் உள்ளே தள்ளினார்.