எனக்கும் அதே குடும்பப் பெயர்தான்

என் குடும்பப் பெயர் ஜெர்மன்காரருடையது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னார்க் கோட்டையில் சிப்பாயாக இருந்த ஒரு ஜெர்மன்காரன் எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டி, அங்கேயே வாழ்ந்து செத்தான் என்பது வீட்டுக் கதை. அவனுடைய நிறமோ பாஷையோ எங்களிடம் மிஞ்சவில்லை. பெயர் மட்டும் தகப்பன் வழியாக இறங்கி என்னிடம் வந்து சேர்ந்தது. ஊரில் அதை யாரும் பெரிதாக எடுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது ஆசிரியை அதை இழுத்து நீட்டி ஒரு தமிழ்ப் பெயராகவே ஆக்கிவிடுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இத்தாலிக்கு, பலெர்மோ நகருக்கு வந்தேன். அங்கே சீசா என்ற பகுதியில் மன்னார்ப் பெண்கள் சிலர் எடுத்திருந்த வீட்டில் எனக்கும் ஒரு கட்டில் கிடைத்தது. கோயிலில் பழக்கமான ஓர் அக்கா வேலை பிடித்துத் தந்தார். ஓய்வுபெற்ற ஒரு வழக்கறிஞரின் வீடு. முதல் நாள் அந்த வீட்டு வாசலில் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டைப் பார்த்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, இது என்ர பெயர்."

"விசர்க் கதை கதையாதை. உன்ர பெயர் 'ஆனா' எண்டு மட்டும்தான் நான் அவையளுக்குச் சொன்னனான். அதோடை நிப்பாட்டு."

அக்கா சொன்ன அந்தப் பெயரும் என்னுடையதல்ல. இத்தாலியருக்கு வாயில் வரட்டும் என்று அவராக வைத்தது.

அந்த வீட்டு நடையில் இரண்டு பக்கச் சுவரிலும் சட்டமிட்ட படங்கள். ஒரு வானியலாளர், ஓர் ஓர்கன் வாசிப்பவர், ஒரு தளபதி, பதக்கத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும் ஒரு நீச்சல்காரி. எல்லோருக்கும் வாசல் தகட்டில் இருந்த அதே குடும்பப் பெயர். வழக்கறிஞர் புத்தகங்களிலிருந்தும் சஞ்சிகைகளிலிருந்தும் வெட்டிச் சேர்த்தவை. விருந்தாளி யார் வந்தாலும் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த நடையில் நிறுத்தி ஒவ்வொருவரின் பெருமையையும் சொல்லுவார். அவர்களில் ஒருவராவது அவருக்குச் சொந்தம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தூசி தட்டும்போது அந்த முகங்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும்.

இத்தாலியில் தங்குவதற்கான அனுமதிப் பத்திரத்தை, என் பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்கிற காலம் வந்தது. வேலை கொடுப்பவரின் கையெழுத்து இல்லாமல் அதைக் கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவுக்குப் போக முடியாது. பாஸ்போர்ட்டை வீட்டுக்கார அம்மாவிடம், சிஞ்ஞோராவிடம், கொடுத்தேன். அவர் அதைத் திறந்து பார்த்துவிட்டுப் புருஷனிடம் நீட்டினார்.

"இந்தப் பெயரை எங்கே எடுத்தாய்?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"பிறக்கேக்கையே கிடைச்சது."

அவர் யோசித்துவிட்டு, சிஞ்ஞோராவுக்கு விளக்கம் சொல்வதுபோல, "அந்த நாடுகளில் வேலைக்காரர் எஜமானின் பெயரை வைத்துக்கொள்வார்கள்" என்றார்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "எஜமான் இல்லை. அவன் எங்கட வீட்டு மருமகன்."

வழக்கறிஞர் பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தார். கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் விருந்தாளிகள் முன்னால் இந்தப் பெயர் வேண்டாம், வீண் குழப்பம் என்றார். அந்தக் கையெழுத்தையும் அன்று போடவில்லை. அடுத்த கிழமை பார்க்கலாம் என்றார்.

அந்தக் கிழமைக்குள்ளேயே தொலைபேசி அடித்தது. யார் பேசுவது என்று ஒரு பெண் கேட்டாள். நான் பெயரை முழுவதுமாகச் சொன்னேன். அவள் என்னை மிலானோவில் இருக்கும் வழக்கறிஞரின் மச்சாள் என்று நினைத்து நெடுநேரம் நலம் விசாரித்தாள். சிஞ்ஞோராவுக்கு முகம் சிவந்துபோயிற்று.

"இனிமேல் வேலைக்காரி என்று மட்டும் சொல்லு."

"பெயர் கேட்டால் பெயர்தான் சொல்லுவன், சிஞ்ஞோரா."

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரிய விருந்து. ஜெர்மனியிலிருந்து அதே குடும்பப் பெயருள்ள ஒரு வயதான அம்மாவைத் தேடிப்பிடித்து அழைத்திருந்தார் வழக்கறிஞர். நடையில் நிறுத்தி எல்லாப் படங்களையும் காட்டினார். பிறகு எல்லோரும் மேசையில் இருந்தார்கள். நான் மீன் தட்டைக் கொண்டுபோனபோது அந்த அம்மா தன் தட்டுத்தடுமாறும் இத்தாலிய மொழியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உன் பெயர் என்ன, மகளே?"

சிஞ்ஞோராவின் கண் என்மேல் இருந்தது. கையெழுத்து இன்னும் விழவில்லை என்பதும் எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் சொன்னேன். முதலில் என் பெயர், பிறகு அந்தக் குடும்பப் பெயர், நிறுத்தி நிதானமாக.

மேசை முழுக்கச் சிரித்தது. பகிடி என்று நினைத்துவிட்டார்கள். நான் தட்டை நடுவில் வைத்துவிட்டு, சிப்பாயின் கதையை எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் சொல்லி முடித்தேன். சிரிப்பு நின்றது. அந்த ஜெர்மன் அம்மா மட்டும் கையைத் தட்டினார்.

"எங்கள் பக்கத்தில் அது மா அரைக்கிறவனுக்குச் சொல்லும் பெயர்தான். ஒவ்வொரு ஊரிலும் ஒருவன் இருந்தான். ஒருவன் கப்பல் ஏறியிருப்பான், அதிலென்ன?"

விருந்தாளிகள் போனபிறகு வழக்கறிஞர் குசினிக்கு வந்தார்.

"மன்னிப்புக் கேள். நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன்."

"எதுக்கு மன்னிப்பு?"

"என் மேசையில் என்னை அவமானப்படுத்தினாய்."

"நான் என்ர பெயரைச் சொன்னனான். வேற ஒண்டும் சொல்லேல்லை."

ஏப்ரனைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு முன்வாசலால் வெளியே வந்தேன். படி இறங்கும்போது அழுகை வந்தது. ஆனால் திரும்பிப் போகவில்லை.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு பெயருக்காக வேலையை விட்டிட்டு வாறியே, நாளைக்குப் பொலிஸ் பிடிச்சால் என்ன செய்வாய்?"

"பிடிச்சாலும் பெயர் கேப்பாங்கள்தானே, அக்கா. இதைத்தான் சொல்லுவன்."

திட்டிக்கொண்டே அவர்தான் அலைந்தார். மாடிப்படிகள் கழுவுகிற ஒரு கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டார். அதன் முதலாளி பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். பெர்மெஸ்ஸோவில் என் பெயர் முழுவதுமாக அடித்து வந்தது.

சில வருடங்கள் கழித்துக் கபோ சந்தையில் வழக்கறிஞரைக் கண்டேன். மெலிந்திருந்தார். தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். சிஞ்ஞோராவுக்குச் சுகமில்லை, வேலைக்கு யார் வந்தாலும் நிலைக்கிறார்கள் இல்லை, 'ஆனா, திரும்பி வருவாயா?' என்று கேட்டார்.

"ஆனா எண்டு ஒருத்தியும் இஞ்சை இல்லை" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த நான் நிற்கவுமில்லை. என் முறை வந்துவிட்டது, கத்தரிக்காய்க்காரன் காத்துக்கொண்டிருந்தான்.