ஒன்பது பச்சை

தங்கை ஊரைவிட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி ரயிலில். வேறு ஊரில் வேலை. அக்காவுக்கு அன்று காலை முறை. மாற்றிக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், கேட்கவில்லை. முந்தின நாள் வாய்ப்பேச்சு முற்றி, "போறதுன்னா போ, வந்து கையாட்ட மாட்டேன்" என்று சொல்லியாகிவிட்டது. அப்பா, அம்மா போனபின் அந்த வீட்டில் இருந்ததே இந்த இரண்டு பேர்தான்.

அக்காவின் வேலை போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில். சுவர் நிறையத் திரைகள், திரைக்கு ஒரு சாலைச் சந்திப்பு. வண்டிகள் தேங்கும் இடத்தில் சிக்னலின் நேரத்தைக் கூட்டுவாள், குறைப்பாள். பத்தேகாலுக்கு, சந்தை முனையில் அந்த டாக்சி கண்ணில் பட்டது. கூரையில் தங்கையின் நீலப் பெட்டி.

வண்டி நகரவில்லை. நிலையத்துக்கு இன்னும் ஒன்பது சிக்னல். இப்படியே போனால் ரயில் போய்விடும். ரயில் போனால் தங்கை வீட்டுக்குத்தான் வரவேண்டும். அக்கா ஒன்றும் செய்ய வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

ஒரு முழுச் சிவப்பு முடியும்வரை அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். தங்கை ஜன்னல் வழியே தலையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். தவிக்கிறாள் என்று அக்காவுக்குப் பட்டது. ஆம்புலன்ஸுக்கு மட்டும் தருகிற பச்சையை அந்தச் சாலை நெடுகத் திறந்துவிட்டாள்.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, மந்திரி வர்றாரா?"

"ஆம்புலன்ஸ்ண்ணே."

"எங்க? டாக்சிதானே பறக்குது!"

"பின்னால வருது. நீங்க உங்க பாலத்தப் பாருங்க, லாரி படுத்துக் கிடக்கு."

நீலப் பெட்டி திரைக்குத் திரை தாவியது. நிலைய வாசலில் தங்கை இறங்கினாள், ஒரு நிமிடம் நின்றாள், உள்ளே போனாள். அதற்கு மேல் கேமரா இல்லை.

'வந்து சேர்ந்தேன்' என்று ஒரு வரி வந்தது. அக்கா 'சரி' என்று அனுப்பினாள். அதோடு சரி. வீம்பில் இருவரும் ஒரே அச்சு.

வெளிவட்டச் சாலை வந்தது, மேம்பாலங்கள் வந்தன, திரைகள் இரட்டிப்பாயின. ஊரே எங்கெங்கோ போய்வருவதைப் பகலெல்லாம் பார்த்துவிட்டு, அக்கா நடந்து வீடு திரும்புவாள். வழியில், தானே வைத்த தொண்ணூறு விநாடிச் சிவப்பில் நிற்பாள். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்பார்கள். அவளுக்குச் சீக்கிரம் போய் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. சமைத்ததை இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்வாள்.

பதினோராம் வருடம், சாப்பாட்டு இடைவேளையில், தங்கையின் குரல் செய்தி வந்தது. நான்கு நிமிடம். முட்டிவலி, புது வீடு, ஏழு வயசுப் பொண்ணுக்குப் பெரியம்மா மூக்கு என்றெல்லாம் போயிற்று. கடைசி நிமிடத்தில் இது:

"அன்னிக்கு ரயில விட்டுட்டா திரும்பி வந்துடலாம்னு இருந்தேன்க்கா. சிவப்பு மாறிடுமோன்னு எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒம்பதும் பச்சை. அது தானா விழுமா? நீதான்னு தெரியும். அவ்ளோ அவசரமாக்கா உனக்கு, என்னை அனுப்ப?"