என்னை மறைத்த ஒரு வரி

பிஎச்பி என்ற கணினி மொழியில் இணையதளம் கட்டிப் பிழைத்த காலத்தில் எங்களுக்கு ஒரு பிரேம்வொர்க் இருந்தது. எல்லாத் தளத்துக்கும் பொதுவான வேலைகளை அதுவே முன்கூட்டி முடித்து வைத்திருக்கும். சோறு வடித்துத் தருவார்கள், குழம்பு நம் பாடு. அதோடு வந்த கையேட்டில் ‘அன்றாட வேலைகள்’ என்று ஓர் அத்தியாயம். படிவத்தைச் சரிபார்ப்பது எப்படி, படம் ஏற்றுவது எப்படி, நீளமான பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரிப்பது எப்படி. எல்லாம் மூன்றே வரி என்று சத்தியம் செய்திருந்தார்கள். எழுதியவன் யாரோ தெரியாது. ஆனால் அவன் வாழ்க்கையில் ஒருமுறைகூடச் சம்பந்தம் பேசியதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. மராட்டியர் ஊரில், ஔந்து என்ற பகுதியில் ஒரு அடுக்குமாடி வீட்டையே ஆபீஸாக்கியிருந்த சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. வீடு அதே ஊரின் கட்கியில், அப்பாவின் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். குடியாத்தம் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்து சேர்ந்த குடும்பம். அப்பாவுக்கு ரிட்டயர்மெண்டுக்கு இரண்டு வருடம் இருந்தது. அவர் ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அதற்குள் எனக்குக் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பதுதான் அம்மாவின் காலை, மதியம், ராத்திரி. எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணம் வேண்டாம். காதல் தோல்வி, லட்சியம் என்று பெரிய கதையெல்லாம் ஒன்றுமில்லை. வந்து பார்த்துவிட்டுப் போன நாலு பேரும் பஜ்ஜியைத் தின்றுகொண்டே, “கல்யாணத்துக்கு அப்புறம் வேலை எதுக்கு?” என்று கேட்டார்கள். என் வேலை எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

எங்கள் கோவில் கமிட்டிச் செயலாளர் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஜனங்களின் கல்யாண வயதுப் பிள்ளைகள் எல்லாரும் அவரிடமிருந்த ஒரு நீள நோட்டில் அடக்கம். பெயர், நட்சத்திரம், உயரம், நிறம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

“பொண்ணு கம்ப்யூட்டர்லதானே வேலை செய்யுது? இத்த அப்படியே அதுல ஏத்திக் குடுக்கச் சொல்லும்மா.”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தலையை ஆட்டிவிட்டாள். அதோடு நிற்கவில்லை. தளம் தயாரானதும் முதல் நாளே என் ஜாதகத்தை ஏற்ற வேண்டும் என்றும் சொன்னாள். என் கையாலேயே எனக்கு மாப்பிள்ளை தேடும் தளம். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாமே, அதுதான்.

சரி, கையேட்டைப் பிரித்தேன். முதல் பாடம், படிவத்தைச் சரிபார்ப்பது. வயது என்ற இடத்தில் எண் மட்டுமே வர வேண்டும் என்று விதி வைத்தேன். ‘முப்பது நடக்குது’ என்று எழுதினார்கள். உயரத்துக்கு ‘அப்பாவைவிட ஒரு பிடி கூட’ என்று ஒன்று வந்தது. தவறாக நிரப்பினால் சிவப்பில் எச்சரிக்கை வரும்படி செய்திருந்தேன். ஒரு பெரியவர் கோவில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். “என் பையன் சம்பளம் ‘போதுமான அளவு’ன்னு போட்டா உன் மிஷினுக்கு இன்னாம்மா வலிக்குது? செவப்புல காட்டி மானத்த வாங்குது!” நான் விதியை எடுத்துவிட்டேன். போதுமான அளவு என்பதும் ஒரு சம்பளம்தானே.

இரண்டாவது பாடம், படம் ஏற்றுவது. கோப்பின் அளவைச் சரிபார்க்கலாம், வகையைச் சரிபார்க்கலாம் என்று கையேடு பெருமையடித்தது. ஆளைச் சரிபார்க்க அதில் வழியில்லை. ஒரு மாப்பிள்ளையின் இடத்தில் அவனுடைய அப்பாவின் பாஸ்போர்ட் போட்டோ உட்கார்ந்திருந்தது. போன் செய்து கேட்டேன். “பையன் கேம்புக்குப் போயிருக்கான்மா. என் ஜாடைதான். மீசைய மட்டும் எடுத்துட்டுப் பாத்துக்கோ” என்றார்.

மூன்றாவது, பக்கம் பிரிப்பது. பக்கத்துக்குப் பத்துப் பேர், கடைசியாகப் பதிந்தவர் முதலில். உலகம் முழுக்க நடக்கிற வழக்கம் இதுதான். எங்கள் ஜனங்களுக்கு இரண்டாம் பக்கம் என்றால் இரண்டாம் பந்தி. வடை தீர்ந்துபோன பிறகு உட்காருகிற இடம். ஒரு வாரம் பார்த்தார்கள். பிறகு சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. தினமும் காலையில் பிள்ளையின் பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிய ஆரம்பித்தார்கள். கட்கி பஜாரில் இருந்த இன்டர்நெட் கடைக்குப் பால் வாங்கப் போகிற நேரத்திலேயே கூட்டம். ஒரே பெண் ஒரு மாதத்தில் முப்பது தடவை பிறந்தாள்.

நான்காவது வேலை கையேட்டில் ஒரு ஓரமாக, குறிப்பாக மட்டும் இருந்தது. பட்டியல் எங்கே வந்தாலும், யார் தேடினாலும் பொருந்தும்படி ஒரு நிபந்தனையை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம். ஓரிடத்தில் எழுது, எல்லா இடத்திலும் பலிக்கும். ஜோசியக்காரன்கூட இவ்வளவு உறுதி தருவதில்லை. நான் அந்த இடத்தில் ஒரு வரி எழுதினேன். ஏழாம் எண் பதிவை, அந்த வீட்டார் உள்ளே வந்து பார்த்தால் மட்டும் காட்டு, மற்ற யாருக்கும் காட்டாதே.

ஏழாம் எண் நான்தான்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை கோவில் ஹாலுக்குப் போய், அங்கிருந்த கமிட்டிக் கம்ப்யூட்டரில், தளத்துக்குள் நுழைய எங்கள் வீட்டுக்குக் கொடுத்திருந்த எண்ணைச் சொல்லி, செயலாளரைத் திறக்கச் சொல்வாள். திரையில் நான் பட்டுப்புடவையில் பல் தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பேன். அம்மா திருப்தியாகத் திரும்புவாள். அடுத்து வருகிற மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு அதே திரையில் எட்டுக்குப் பிறகு நேராக ஆறு வரும். எத்தனை சுத்தமான வேலை! ஆபீஸில் யாரிடமாவது சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள முடியவில்லையே என்பது மட்டும்தான் வருத்தம்.

மற்றவர்கள் வீட்டில் போன் அடித்தது. இரண்டு நிச்சயதார்த்தம்கூட நடந்து, சாப்பிட்டுவிட்டு வந்தோம். எங்கள் வீட்டுப் போன் மட்டும் வாயே திறக்கவில்லை.

அம்மா குடியாத்தத்து ஜோசியருக்குப் போன் போட்டாள். களத்திர தோஷம் என்றார் அவர். செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு, பதினெட்டு வாரம். கோவிலுக்கு ஏறுகிற படிகள் என்னவோ பதினைந்து இருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு படிக்கு ஒரு தடவை நின்று, கைப்பிடியைப் பிடித்து, ‘அம்மா தாயே’ என்று ஏறுவாள். அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்தான் ஆகாரம். ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஆபீஸுக்கு லீவு போட்டிருந்ததால் துணைக்குப் போனேன். எலுமிச்சையைப் பிழிந்து, தோலைத் திருப்பி, எண்ணெய் ஊற்றித் திரி போட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, எனக்குக் கேட்காது என்று நினைத்து முணுமுணுத்தாள்.

“நான் இன்னா குத்தம் பண்ணியிருந்தாலும் என்னக் கேளு. அவமேல போடாத.”

சீ, நானும் ஒரு ஜென்மமா என்று இருந்தது. தோஷம் ஜாதகத்தில் இல்லை, என் கோப்பில் இருக்கிறது. பதினெட்டு வாரத்தில் துர்க்கையால் எடுக்க முடியாததை என்னால் ஒரு விசையில் எடுத்துவிட முடியும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, உள்ளறையில் இருந்த என் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த வரியை அழித்தேன். வருகிறவன் வரட்டும், வந்தால் வாயால் மாட்டேன் என்று சொல்லிக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். அம்மாவும் என் பதிவைப் புதுப்பிக்கச் சொன்னாள். செய்தேன். முதல் பக்கம், முதல் இடம், வடை சூடாக இருக்கும் பந்தி.

ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம், ஒரு மாதம். போன் அடிக்கவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது. வரியை அழித்தது ஒழுங்காக ஏறவில்லையோ? பார்த்தேன், ஏறியிருந்தது. வேறு வீட்டு எண்ணில் நுழைந்து தேடினேன். பளிச்சென்று இருந்தேன். கடைசியில் கையேட்டைப் பார்த்து, ஒவ்வொரு பதிவையும் யார் யார் திறந்து பார்த்தார்கள் என்று குறித்துவைக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தேன். அது உண்மையிலேயே மூன்று வரிதான்.

ஒரு வாரம் விட்டுக் கணக்கைப் பார்த்தேன். திறந்து பார்த்திருந்தார்கள். ஒருவர் இருவர் இல்லை. வயதைப் பார்த்து, வேலையைப் பார்த்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மூடியிருந்தார்கள். சிலர் இரண்டு தடவை வந்து மூடியிருந்தார்கள். அப்பாவின் ஜாடையை அனுப்பிய அந்த மாப்பிள்ளை வீடும் அந்தக் கணக்கில் இருந்தது. எனக்கு யாரும் வேண்டாம்தான். ஆனால் எவனாவது ஒருத்தன் கேட்டு, நான் வேண்டாம் என்று சொல்வதுதானே முறை? இவன்கள் யார் என்னை வேண்டாம் என்று சொல்ல? கோபத்தில் அன்றைக்கு ஆபீஸில் யாரிடமும் பேசவில்லை. அவமானமாக இருந்தது. அழுகைகூட வந்தது, அதை நினைத்து இன்னும் கோபம் வந்தது.

பதினெட்டாவது செவ்வாய்க்கிழமையும் முடிந்தது. நான் ஆபீஸிலிருந்து வந்தபோது அம்மா விளக்குத் தட்டைக்கூடக் கழுவாமல் அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“அந்த சைட்டு சாலூ ஆயிதானேடி இருக்குது?” என்று கேட்டாள்.

“ஓடிகினுதான் இருக்குதும்மா.”

“எல்லாருக்கும் தெரியுதா?”

நான் தோள்பையைக் கழற்றிக் கதவில் மாட்டினேன்.

“அப்போ பாத்துட்டுத்தான் வேணாம்னு போறாங்க.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “உனக்கு இன்னாடி கொறச்சல்? நான்தான் எங்கியோ தப்பா வளத்துட்டேன்.”

என் வாய் தானாகத் திறந்தது.

“யாரும் பாக்கலம்மா. நான்தான் மறைச்சு வெச்சிருக்கேன்.”

அம்மா நிமிர்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாம் எண், ஒரே இடம், ஒரே வரி, நம் வீட்டுக்கு மட்டும் தெரியும் என்பது வரை. அழித்துவிட்டதை மட்டும் சொல்லவில்லை.

“அடிப்பாவி! முழங்கால ஒடச்சிகினு பதினெட்டு வாரம் ஏறினேனேடி!” கரண்டி பறந்து வந்தது. அது பட்டது கேஸ் சிலிண்டர்மேல். “உங்கப்பா வரட்டும், இன்னிக்கு உனக்கு இருக்குது!” என்று கத்திக்கொண்டே எழுந்தவள், பாதியில் நின்றாள்.

“அப்போ இது வரைக்கும் உன்ன ஒருத்தன்கூட வேணாம்னு சொல்லலியா?”

“இல்லம்மா.”

“ஒருத்தன்கூட?”

“பாத்தாத்தானே சொல்லுவாங்க?”

அம்மாவின் முகத்தில் மாதக்கணக்காக இல்லாத ஒன்று வந்தது. அதை அடக்கிக்கொண்டு, என்னை உள்ளறைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் தள்ளிக்கொண்டு போனாள். “என் கண்ணு முன்னாடி எடு அந்த வரிய” என்றாள்.

எடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. கோப்பைத் திறந்து, பழைய இடத்தில் அந்த வரியை எழுத்து எழுத்தாகத் திரும்ப அடித்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தாள். “இதுவா?” என்று விரலை வைத்துக் கேட்டாள். “இதுதான்” என்றேன். அவள் விரலை எடுக்கும்வரை இருந்து, அழித்தேன்.

“போச்சா?”

“போச்சும்மா.”

“சனியன்” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். காலையிலிருந்து வெறும் தண்ணீரோடு இருந்தவள் தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்கிற சத்தம் எனக்கு உள்ளறையில் கேட்டது.