கராஜில் நின்ற எலுமிச்சை

தவராசா ஒரு பொய்யர். எண்பத்தாறில் நாங்கள் இருவரும் டொரொன்டோவில் ஓர் இத்தாலியரிடம் தோட்ட வேலை செய்தோம். அந்த முதலாளியின் தகப்பன் இத்தாலியில் ஒரு பழைய மாளிகையின் தோட்டக்காரர். அங்கே வரிசையாக சைப்பிரஸ் மரங்கள். பெரிய மண்சாடிகளில் எலுமிச்சைகள். குளிர் தொடங்கினால் சாடிகளைத் தனிக் கட்டடத்துக்குள் கொண்டுபோய் வைப்பார்களாம்.

அந்தத் தோட்டத்தின் படங்களை முதலாளி தவராசாவுக்கு மட்டும் காட்டினார். அங்கிருந்து வந்த எலுமிச்சை ஒன்று முதலாளி கார் விடும் கராஜில் நின்றது. அதைப் பராமரிக்கும் வேலையும் தவராசாவுக்குத்தான். எனக்குச் சவளால் பனி அள்ளும் வேலை.

"என்ன மாளிகைக்காரர், மரத்தோட கதைச்சு முடிஞ்சுதோ?" என்று நக்கலடிப்பேன்.

"வாருமன், நீரும் ஒருக்காத் தண்ணி ஊத்தும்" என்பார். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

ஜனவரியில் ஒருநாள் வேலை முடிந்து போகும்போது கராஜ் கதவை வேண்டுமென்றே திறந்துவிட்டேன். பழி அவர்மேல் விழட்டும் என்றுதான். காலையில் இலைகள் கறுத்துத் தொங்கின. முதலாளி சாடியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கதவைப் பூட்ட மறந்தது தான்தான் என்று தவராசா உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். மனைவியைக் கனடாவுக்கு எடுக்க அவருக்கு அந்த வேலை தேவையாக இருந்தது. அன்றே அது போனது. வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உம்மட சவள் கராஜ் வாசல்ல கிடக்கு. எடுத்து வையும்."

அவருடைய இடம் எனக்குக் கிடைத்தது. படங்களை முதலாளி எனக்குக் காட்டவேயில்லை. தவராசாவின் அந்த மனசின்மேலும் எனக்கு இன்றுவரை பொறாமைதான்.

தவராசா, நான் செய்ததை இந்தப் பத்திரிகையில் எல்லோரும் அறிய எழுதிவிட்டேன். நீரும் இதிலேயே எழுதும். எனக்காக ஏன் பொய் சொன்னீர்?