இரண்டாவது மெட்டின் மஞ்சள் துண்டுகள்

நீங்கள் செய்தது தப்பு. எங்கள் மலைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும் ட்ரெக்கிங் கம்பெனிக்காரர்களைத்தான் சொல்கிறேன். இரண்டாவது மெட்டில் பிளாஸ்டிக் குப்பையை அகற்றினோம் என்று உங்கள் இணையப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். வாய் திறந்த சாக்கு, அதைச் சுற்றிச் சிரித்த முகங்கள், சாக்கு நிறைய மஞ்சள் துண்டுகள். பல துண்டுகளில் முடிச்சு அப்படியே இருந்தது. குப்பை தானாகப் போய்ச் செடியில் இரட்டை முடிச்சுப் போட்டுக்கொள்ளாது. அவை என் மதினியும் பிறகு நானும் கட்டியவை. நான் இன்று உயிரோடு உட்கார்ந்து உங்களைத் திட்டுகிறேன் என்றால், அதற்கும் அந்தத் துண்டுகள்தான் காரணம்.

மதினி என் அண்ணன் மனைவி. கம்பம்மெட்டுப் பக்கம் ஏலக்காட்டில் பிறந்து, எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர் அம்மா வீட்டுக்கு ரோட்டு வழியாகப் போனால் மலையைச் சுற்றி பஸ் மாறி மாறிப் போக வேண்டும். முகட்டு வழியாக நடந்தால் விடியும்போதே கிளம்பி, சிகரங்களையும் அவற்றுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் இரண்டு மெட்டுகளையும் தாண்டி, இருட்டும் முன்னே போய்விடலாம். மதினி எப்போதும் நடந்துதான் போவார், அதுவும் தனியாக. அண்ணன் சத்தம் போடுவார். "பஸ்ஸுல போனா வாந்தி வருது, மலையில போனா பசி வருது. எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். கொழுந்து கிள்ளும்போது நனையாமல் இருக்க இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் தாள் கட்டுவார்கள். அவருடையது மஞ்சள். அது கிழிந்ததும் விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்துக்கொண்டு, மழை ஓய்ந்ததும் மெட்டில் செடிக்குச் செடி கட்டிவிட்டு வருவார். முதல் தடவை போனபோது அவரே பயந்து போன இடம் அது.

ஏன் பயந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. எஸ்டேட்டில் வளர்ந்த எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கி எதிரில் இருக்கும் ஆள் தெரியாமல் போனால், நின்ற இடத்திலேயே நிற்போம். தேயிலை ஃபாக்டரிச் சங்கு ஊதியதும் சத்தம் வந்த பக்கம் நடப்போம். லயத்துக்கு வந்துவிடலாம். நடக்கப் பழகும் வயதிலேயே இதையும் பழகிவிடுவோம். மதினியும் வந்த புதிதில் எங்களிடம் இதைப் பழகிக்கொண்டார். ஆனால் இரண்டாவது மெட்டில் சங்கு பொய் சொல்லும். ஃபாக்டரி நம் முதுகுப் பக்கம் இருக்கும். சத்தமோ எதிர்ப் பாறையில் மோதி முன்னாலிருந்து வரும். முன்னால் இருப்பது பள்ளம்.

நான் அப்போது கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டராகச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. லீவில் வந்தவன், மதினி போகும் வழியில் தனியாகப் போய்க் காட்டுகிறேன் என்று வீம்பாகச் சொன்னேன்.

"என்ன கொழுந்தனாரே, கம்பெனி பஸ்ஸுல ஏறி எறங்குற காலு மெட்டு தாங்குமா?"

"சேலையக் கட்டிக்கிட்டு நீங்க போறீங்க. நான் போக மாட்டனா மதினி?"

"சேலையா நடக்கு? நான்ல நடக்கேன்." இலையில் கட்டிய சோற்றைக் கையில் கொடுக்கும்போதுதான் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். "ரெண்டாவது மெட்டுல சங்கு கேட்டா செவிடன் மாதிரி இரும். மஞ்சள மட்டும் பாரும்."

முதல் சிகரம் ஏறும்வரை வெயில் சுள்ளென்று அடித்தது. முகட்டில் ஏறியதும் ஒரு பக்கம் எங்கள் தேயிலை, மறு பக்கம் கீழே தமிழ்நாட்டுச் சமவெளி, குளங்கள் கண்ணாடித் துண்டுபோல. காற்றைத் தவிர யாரும் இல்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இரண்டாவது மெட்டில் சோற்றைப் பிரித்துக்கொண்டு இருக்கும்போதே மஞ்சு வந்து மூடியது. பழக்கத்தில் அசையாமல் இருந்தேன். மத்தியானச் சங்கு ஊதியது. பழக்கத்தில் எழுந்து சத்தத்தைப் பார்த்து நடந்தேன். மதினி சொன்னது மண்டையில் இருந்தது, காலில் இல்லை. புல் சரியச் சரிய இறங்குகிறேன், காலில் பட்ட ஒரு கல் உருண்டு போகிறது. அது விழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவே இல்லை. உட்கார்ந்துவிட்டேன். சுற்றிப் பார்த்தேன், மஞ்சள் எங்கேயும் இல்லை. புல்லைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே தவழ்ந்து ஏறினேன். ஒரு புதரில் மஞ்சள் துண்டு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மஞ்சு கொஞ்சம் விலகியபோது அடுத்த துண்டு தெரிந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. அவை போன பக்கம் போனேன்.

பொழுது சாயும் நேரத்தில் மதினியின் அம்மா வீட்டை அடைந்தேன். கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் வைத்தார்கள். போனில் மதினி, "என்ன கொழுந்தனாரே, சங்கு கூப்பிட்டுச்சா?" என்றார். "ஒரு கல்லு உருண்டு போச்சு மதினி" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி சரி, சாப்பிடும். எங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிராதேயும், அப்புறம் என்னை விடமாட்டா" என்றார். நன்றி என்று ஒரு வார்த்தை அவரிடம் நான் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்கிற வழக்கம் இல்லை. அவர் காய்ச்சலில் இறந்துபோன பிறகு, ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் பின்னால் லீவு போட்டுத் தனியாக ஏறி, அவர் விட்டுப்போன தாளில் வெட்டி நான் கட்டிவந்தேன். எனக்குத் தெரிந்த நன்றி அவ்வளவுதான். கட்டி முடித்துத் திரும்பும்போதெல்லாம் அவரோடு பேசிவிட்டு வருவதுபோல் மனம் லேசாக இருக்கும்.

உங்கள் படத்தைப் பார்த்ததும் கஞ்சிக்கோட்டுப் பக்கம் எலப்புள்ளியில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிளம்பிப் போய் ஏறினேன். ஒரு துண்டுகூட இல்லை. என் சட்டைப் பையில் ஒன்றுதான் இருந்தது, அந்தத் தாளில் கடைசியாக மிஞ்சியது. எந்தப் புதரைப் பிடித்து நான் உட்கார்ந்திருந்தேனோ அதில் கட்டிவிட்டு வந்தேன். ஒன்று போதாது. அடுத்தது தெரிந்தால்தான் அது வழி.

இப்போது உங்கள் ஆட்களுக்கு வழிகாட்ட எங்கள் லயத்துப் பிள்ளைகளையே வேலைக்கு எடுத்திருக்கிறீர்கள். நல்லது, வேலை கொடுங்கள். ஆனால் மஞ்சு இறங்கிச் சங்கு ஊதினால் வெளியூர்க்காரன் நிற்பான், எங்கள் பிள்ளை நடக்கும். பின்னால் வருகிற எல்லோரையும் கூட்டிக்கொண்டு நடக்கும். அதனால் எனக்குத் தனியாகப் போன் போட்டு வருத்தம் சொல்ல வேண்டாம். படம் போட்ட அதே இடத்தில், எல்லோரும் பார்க்கப் பதில் சொல்லுங்கள். அந்தச் சாக்கு இப்போது எங்கே? அந்த மஞ்சள் துண்டுகளை, இருந்த இடத்தில், எந்த நாளில் திரும்பக் கட்டப்போகிறீர்கள்? அதுவரை இரண்டாவது மெட்டுக்கு ஆள் கூட்டிப்போவதை நிறுத்துவீர்களா, மாட்டீர்களா?