மேலே போனவர்களும் கீழே இறங்கியவரும்

போன வாரம் திருச்சுழிப் பக்கம், என் சித்தப்பா மகன் கந்தசாமியின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கையில் பேப்பர். ரஷ்யாக்காரர்கள் மூன்று பேர் செத்த செய்தி... நீங்களும் படித்திருப்பீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆகாயத்தில் தங்கி வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பாராசூட் விரிந்தது, கலமும் ஒழுங்காகத் தரையில் இறங்கியது. கதவைத் திறந்தால் — மூன்று பேருக்கும் உயிர் இல்லை. வரும் வழியிலேயே உள்ளே இருந்த காற்று வெளியேறிவிட்டதாம்.

சத்தமாகப் படித்துக் காட்டினேன். "இவுகளுக்கு அங்க என்ன வேலை? சும்மா கெடக்க மாட்டாம..." என்றான் கந்தசாமி.

எனக்குச் சுரீரென்றது. வீட்டை விட்டு நாலு அடி தள்ளிப் போகிறவனைப் பார்த்தும் நாம் இதைத்தானே கேட்கிறோம்? வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன். ஆனால் பக்கத்தில் காளியம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

கந்தசாமிக்காகக் கிணறு வெட்டிக்கொண்டிருந்த மாடசாமியின் மனைவி அவள். மாடசாமி போன மாதம் அந்தக் கிணற்றுக்குள்ளேயே செத்துப்போனார். பாறைக்கு வேட்டு வைத்த மறுநாள் விளக்கைக் கயிற்றில் இறக்கி, அணைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆள் இறங்க வேண்டும். அன்றைக்கு அவசரம், பார்க்கவில்லை. கீழே நல்ல காற்று இல்லை.

உயிர் வாங்கிய கிணற்றைத் தூர்த்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கந்தசாமி இரண்டு வண்டிக் கல் கொண்டுவந்து கிணற்றோரம் போட்டிருந்தான். அதைத் தடுக்கத்தான் காளியம்மாள் வந்திருந்தாள்.

இனிமேல் யாராவது மேலே போவார்களா என்று என்னிடம் கேட்டாள். காற்று எப்படிப் போனது என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்துவிட்டு நிச்சயம் போவார்கள் என்றேன்.

கந்தசாமி பக்கம் திரும்பினாள்.

"அவுகளுக்கு ஒரு நாயம், எம்புருசனுக்கு ஒரு நாயமா மொதலாளி? அம்பது அடி அவுக வெட்டுனது. அதத் தூத்துட்டா, செத்தாகங்கிறதுதான் மிஞ்சும். வெட்டுனாகங்கிறது எங்க இருக்கும்?"

ராசி கெட்ட கிணறு, எவனும் இறங்க மாட்டான் என்று கந்தசாமி இழுத்தான். தன் தம்பி இறங்குவான், மண்கூடையைத் தானே சுமப்பேன் என்றாள். அழவில்லை, கெஞ்சவும் இல்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் வெட்கமென்ன?

கடைசியில் கந்தசாமி தலையாட்டினான்; திங்கட்கிழமை வேலை தொடங்கியது. விளக்கு கீழே நின்று எரிவதை அவளே எட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தம்பி இறங்கினான். ரஷ்யாவில் அந்த மூன்று பேருக்கும் மலர்வளையம் வைத்திருப்பார்கள். நாங்கள் எங்களால் ஆனதைச் செய்தோம்.

தண்ணீர் இன்னும் வரவில்லை. வராவிட்டால் என்ன... பாறைக்குக் கீழேயும் பூமி இருக்கிறது!