கஞ்சி ஊற்றாத சாறு

அழகி என் சின்னாத்தா, அம்மாவின் தங்கை. ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊரில் முந்திரிக்கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுவார்கள். அதைச் சாறாக்கி விற்கலாம் என்று முதலில் சொன்னவர் இவர்தான். எட்டாவது படித்தவர். நான் பத்தாவதில் கணக்கோடு சண்டை போட்டு வெளியே வந்தவள், ஆகவே படிப்பில் நான்தான் பெரியவள்.

போன வருடம் இவர் பேச்சைக் கேட்டுப் பலரும் பழத்தைச் சேர்த்து வைத்தார்கள். வாங்க ஆளில்லாமல் எல்லாம் அழுகிப்போனது. ஒரு வாரம் சின்னாத்தா பால் வாங்கக்கூட என்னைத்தான் அனுப்பினார். இந்தச் சித்திரையிலும் விடாமல் பன்னிரண்டு வீடு ஏறி, "இந்த வருசம் வாங்க ஆளு இருக்கு, பழத்தப் போட்றாதீங்க" என்று சொல்லிவிட்டார். இன்னொரு தரம் பொய்த்தால் ஊரில் இவர் வாயைத் திறக்க முடியாது.

அந்த ஆள் திருச்சியில் ஆரோக்கிய பானக் கடை வைத்திருக்கும் ரகுநாத். சாற்றின் ஆன்டி ஆக்சிடன்ட் சக்தியை அளந்து காட்ட வேண்டும், நூற்றுக்கு ஐம்பதுக்குக் குறையக் கூடாது என்பது அவர் நிபந்தனை. சோதனைத் தாளை நம்பமாட்டார், நேரில் வந்து பார்ப்பார். எங்கள் ஊருக்கு வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதயெல்லாம் மனுசன் குடிப்பானா?" என்று கேட்டுவிட்டு, பிறகு தெளிந்த சாறு ஒரு டம்ளர் குடித்தவர். அந்தக் கேள்விக்காக நான் ஒரு பாட்டில் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் மூவரும் கூடினோம். அளப்பவர் பெயர் பிரகதீஸ்வரி. ஊதா நிற மருந்தில் எங்கள் சாற்றைச் சொட்டு எண்ணி விட்டார்.

"சாறுல சத்து இருந்தா ஊதா வெளுத்து மஞ்சளாயிரும்மா. வெளிச்சம் படக்கூடாது. அர மணி நேரம் இருட்டுல இருக்கணும்" என்று சொல்லிப் பெட்டியை மூடினார்.

அந்த அரை மணியில் சின்னாத்தா முந்தானை நுனியை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டார். ரகுநாத் இரண்டு தரம் கடிகாரம் பார்த்தார்.

பெட்டி திறந்தது. ஊதா அப்படியே ஊதாவாக இருந்தது. கருவி பதினான்கு என்றது.

"பதினாலா?" என்றார் ரகுநாத். பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

பிரகதீஸ்வரி சாற்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "முந்திரிப்பழச் சாறு இம்புட்டுத் தெளிவா இருக்காதே. என்ன பண்ணுனீங்க?"

"துவர்ப்புத் தொண்டையப் பிடிக்கும்ல, அதுக்குச் சோத்துக் கஞ்சி ஊத்தித் தெளிய வைப்போம். எப்பவும் ஒரு தரந்தான். இது வெளியாளு பாக்குறதாச்சேன்னு ரெண்டு தரம் ஊத்துனேன். நல்லாக் கொதிக்கவும் வச்சேன்."

"அந்தத் துவர்ப்புதாம்மா சத்து. கஞ்சி அத அடியோட இழுத்துட்டுப் போயிருச்சு. மிச்சம் இருந்தத அடுப்பு தின்னுருச்சு."

விருந்தாளிக்கு நல்லதை வைப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த வழக்கம்தான் சின்னாத்தாவைக் கவிழ்த்தது. மறுபடி ஊருக்குப் போய்ச் சாறு கொண்டுவர நேரமில்லை. ரகுநாத் கதவுவரை போய்விட்டார்.

நான் சாறு கொண்டுவந்த ஐஸ் பெட்டியின் அடியிலிருந்து என் பாட்டிலை எடுத்தேன். இன்று காலை பிழிந்தது. கஞ்சியும் இல்லை, அடுப்பும் இல்லை. தொண்டையில் அரத்தைப் போட்டு இழுக்கும்.

"இது எதுக்குடி?" என்றார் சின்னாத்தா.

"சாருக்குத் தாகம் எடுத்தா குடுக்கலாம்னு" என்றேன்.

சின்னாத்தா பார்த்த பார்வைக்கு ஊரில் என்றால் விளக்குமாறு பின்னால் வந்திருக்கும். ஆனாலும் பாட்டிலை வாங்கிப் பிரகதீஸ்வரியிடம் நீட்டினார். "சார், இன்னும் அர மணி நேரம் உக்காருங்க" என்றார். அது கெஞ்சலாக இல்லை. ரகுநாத் உட்கார்ந்தார்.

இந்த முறை மருந்து வெளிறிய மஞ்சளாக வந்தது. எண்பத்தொன்று.

ரகுநாத் சிரித்தே விட்டார். "அப்ப இந்த நம்பர லேபிள்ல போட்டு, அன்னிக்குக் குடிச்சேன்ல தெளிஞ்சது, அத அனுப்புங்க. யாரு பாக்கப்போறா."

நான் சின்னாத்தாவின் முழங்கையை இடித்தேன், சரி சொல்லட்டும் என்று. பன்னிரண்டு வீட்டுப் பழமும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது. அவர் முறுக்கிய முந்தானையைப் பிரித்துவிட்டார்.

"எதுல இந்த நம்பர் வந்துச்சோ அதத்தான் அனுப்புவேன் சார். குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினார். ரகுநாத் ஒரு வாய் குடித்தார். கண் கலங்கியது, இருமினார், டம்ளரை மேசையில் வைத்தார். ஒரு மாதமாக நான் கனவு கண்ட காட்சி. வந்தபோது சிரிப்பு வரவில்லை.

"முடியாதும்மா" என்றார் அவர்.

என் பாவாடை மடிப்பில் மாங்காய்க்கு வைத்திருந்த உப்பு மிளகாய்ப்பொடிப் பொட்டலம் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் இந்தப் பழத்தை உப்புத் தொடாமல் யாரும் தின்பதில்லை. சாறாக்கிய பிறகு அதை எல்லோரும் மறந்திருந்தோம். டம்ளரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினேன். இதை விளையாட்டுக்குச் செய்யவில்லை.

"இது என்ன, அடுத்த சோதனையா?" என்றார் ரகுநாத். ஆனாலும் வாயில் வைத்தார். இன்னொரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"உப்புப் போட்டதயும் அளக்கணும்" என்று பிரகதீஸ்வரி பெட்டியை மூன்றாம் முறை மூடினார். எழுபத்தெட்டு வந்தது. "மொதல்ல இருநூறு பாட்டில் அனுப்புங்க. வித்தா சீசன் முழுக்க எடுத்துக்கிறேன்" என்றார் ரகுநாத்.

சின்னாத்தா வராண்டாவுக்குப் போய்ப் போன் போட்டார். மறுமுனையில் பக்கத்து வீட்டுக் காத்தாயி அக்கா.

"எல்லா வீட்லயும் சொல்லிரு. பழத்த யாரும் போடவேணாம். அடுப்புல கஞ்சி வச்சிருந்தா எறக்கி மாட்டுக்கு ஊத்திரு."